பாரிஸ் கமோந்தோ மாளிகை: அரை நாள் ஒதுக்கத் தகுமா?

பயணப்பை, பிப்ரவரி 2, மாலை

பாரிஸில் அரை நாள் மிச்சம் இருக்கிறது. நிசிம் த கமோந்தோ அருங்காட்சியகம் போகச் சொல்கிறார்கள். யூத வணிகக் குடும்பத்தின் வீடாம். படங்களைப் பார்த்தால் பதினெட்டாம் நூற்றாண்டு பிரெஞ்சு மேசை நாற்காலிகள்தான் தெரிகின்றன. யூதர் வீடு என்று காட்ட ஓர் அடையாளமும் இல்லை. வெர்சாய் அரண்மனை பார்த்தவனுக்கு இது எதற்கு?

தச்சுக்கூடம், பிப்ரவரி 2, இரவு

வெர்சாயில் அரசனின் சமையலறை எப்படி ஓடியது என்று பார்க்க முடியாது. இங்கே முடியும். 1914-இல் குடிபுகுந்த ஒரு வீடு, அடுப்பு முதல் குளியலறைக் குழாய் வரை நிற்கிறது. மேலே பதினெட்டாம் நூற்றாண்டு, கீழே இருபதாம் நூற்றாண்டு. கீழே இருப்பது உழைத்ததால்தான் மேலே இருப்பது அத்தனை அமைதியாகத் தெரிகிறது. அதனால் என் சிபாரிசு: சமையலறையில் தொடங்குங்கள். பெரும்பாலானவர்கள் நேரே மாடிப்படி ஏறி, வரவேற்பறைகளில் ஒன்றரை மணி நேரம் நின்று களைத்து, சமையலறையைக் கடைசி ஐந்து நிமிடத்தில் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

முகவரி 63, ரூ த மொன்சோ, எட்டாம் வட்டாரம். இரண்டு மணி நேரம் வேண்டும். 2024 ஆகஸ்ட்டில் பெரிய பராமரிப்பு வேலைக்காக மூடினார்கள். விமான டிக்கெட் போடும் முன்பே, திறந்திருக்கிறதா, எந்தெந்த அறைகள் பார்வைக்கு உண்டு என்று அவர்களுடைய தளத்தில் பார்த்துவிடுங்கள்.

தச்சுக்கூடம், பிப்ரவரி 2, இன்னும் கொஞ்சம்

யார் இவர்கள் என்று தெரியாமல் போனால் அறைகள் ஊமையாக இருக்கும். சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட செஃபார்தி யூதர்களின் வழி வந்தவர்கள். இஸ்தான்புல்லில் 1802-இல் ஐசக் கமோந்தோ வங்கி தொடங்கினார். அவருக்குப் பின் தம்பி ஆபிரகாம் சாலமோன் அதை ஒட்டோமான் அரசுக்கே கடன் கொடுக்கும் அளவுக்கு வளர்த்தார். இத்தாலிய மன்னர் இரண்டாம் விக்டர் இம்மானுவேல் அவருக்குக் கோமகன் பட்டம் தந்தார். பெயரில் வரும் அந்த 'த' அப்படி வந்தது. பேரன்கள் ஆபிரகாம் பெஹோர், நிசிம் இருவரும் 1869-இல் பாரிஸுக்கு இடம்பெயர்ந்து மொன்சோ தெருவில் 61, 63 என்று பக்கத்துப் பக்கத்து மனைகளை எடுத்தார்கள். நிசிமின் மகன் மொயீஸ், 1860-இல் இஸ்தான்புல்லில் பிறந்தவர். தாயார் 1910-இல் இறந்ததும் 63-ஆம் எண் அவர் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டே பெற்றோரின் மாளிகையை இடித்துவிட்டு ரெனே செர்ஜான் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு புதிதாகக் கட்டினார். முற்றத்துப் பக்க முகப்பு வெர்சாயின் பெத்தி திரியானோன் என்ற சிறு அரண்மனையைப் பார்த்து வரைந்தது. ஆக, நீங்கள் வெர்சாய் பார்த்திருப்பது நல்லதே. அந்த முகப்பைக் கண்டதும் அடையாளம் தெரியும்.

ஓட்டுவீடு, பிப்ரவரி 3

வங்கிக் குடும்பத்தை வணிகக் குடும்பம் என்பது சரியா?

தச்சுக்கூடம், பிப்ரவரி 3

இஸ்தான்புல்லின் வங்கிப் பகுதியான கலாத்தாவில் அந்தக் காலத்து வங்கிக்காரர்களிடம் அரசுக் கடன், நாணய மாற்று, மனை வணிகம் எல்லாம் ஒரே பேரேட்டில் ஓடியது. இஸ்தான்புல்லில் கமோந்தோ படிக்கட்டு என்று இன்றும் இருக்கிறதே, வளைந்து வளைந்து இறங்குவது, வங்கிகள் தெருவிலிருந்து மேட்டுக்கு ஏற அவர்கள் கட்டிக்கொடுத்தது. அந்த வழி போகிறவர்கள் அதையும் பாருங்கள். குடும்பம் எங்கே கால் ஊன்றியிருந்தது என்று அங்கேதான் புரியும்.

தச்சுக்கூடம், பிப்ரவரி 4

இப்போது சமையலறை.

முதலில் மனையின் மட்டத்தைக் கவனியுங்கள். தெருவிலிருந்து முற்றத்துக்குள் நுழையும் மட்டம் தாழ்வு. பின்னால் மொன்சோ பூங்காவை ஒட்டிய தோட்டம் ஒரு தளம் உயரம். அதனால் வாசலில் நுழையும்போது நீங்கள் கீழ்த்தளத்தில் இருக்கிறீர்கள். பெரிய மாடிப்படி ஏறினால் வரும் வரவேற்புத் தளம் தோட்டத்தின் மட்டத்தில் திறக்கிறது. இந்த மட்ட வித்தியாசத்தை செர்ஜான் நன்றாகப் பயன்படுத்தியிருக்கிறார். கீழ்த்தளத்தின் ஒரு பகுதி முழுக்க சமையலறை, பாத்திரம் கழுவும் அறை, தலைமைச் சமையல்காரரின் அறை, பணியாளர் சாப்பாட்டு அறை. விருந்தினர் வரும் வழியும் இவர்கள் நடக்கும் வழியும் எங்கும் குறுக்கிடாது.

சமையலறையில் தரையிலிருந்து கூரை வரை வெள்ளை ஓடு. சுவர் மூலைகளைப் பாருங்கள், கூர் இல்லாமல் வளைத்து ஓட்டியிருப்பார்கள். அழுக்கு தங்காது, துணியால் ஒரே இழுப்பில் துடைக்கலாம். நுண்ணுயிர் பயம் வீட்டுக் கட்டுமானத்துக்குள் புகுந்த காலம் அது. நடுவில் வார்ப்பிரும்பு அடுப்பு, நாலு பக்கமும் ஆள் நின்று வேலை செய்யும்படி. மேலே புகைக்கூண்டு இல்லாததைக் கவனிக்க வேண்டும். புகை தரைக்கு அடியில் ஓடும் குழாய் வழியே சுவருக்கு இழுக்கப்பட்டு மேலே போகிறது. இப்படிப்பட்ட அடுப்பில் சிக்கல் என்னவென்றால், புகைபோக்கி குளிர்ந்து கிடக்கும்போது மூட்டினால் புகை இழுக்காது, அறைக்குள் திரும்பும். ஆகவே முதலில் போக்கியைச் சூடேற்றி இழுவை உண்டாக்கிய பிறகே நிலக்கரி போடுவது வழக்கம். இறைச்சி சுழற்றி வாட்டும் அடுப்பு தனியாகச் சுவரோரம் இருக்கிறது. இரண்டும் செய்தது குபேன் என்ற நிறுவனம்.

செப்புப் பாத்திர வரிசையைப் படம் எடுத்துவிட்டு நகராதீர்கள். உள்பக்க ஈயப் பூச்சைப் பாருங்கள். நம் ஊரில் ஈயம் பூசுகிறவர் தெருவில் வந்தபோது செய்த அதே வேலைதான். பூச்சு தேய்ந்து செம்பு வெளியே வந்தால் புளிப்பு எதையும் அதில் சமைக்க முடியாது.

உணவு மேலே போவது சிறு தூக்கியில். அது போய்ச் சேருவது சாப்பாட்டு அறையை ஒட்டிய பரிமாறும் அறைக்கு. கீழே சமையல், மேலே தட்டு எடுத்து வைப்பதும் கண்ணாடி, வெள்ளி கழுவுவதும். மொயீஸ் சாப்பாட்டில் பெரிய ரசிகர். நூறு உறுப்பினர்கள் மட்டுமே கொண்ட உணவு ரசிகர் மன்றம் ஒன்று பாரிஸில் உண்டு, அதில் இருந்தவர்.

லாசப்பல் வாசி, பிப்ரவரி 4

நம்ம ஆட்களுக்கு வழி: தமிழ்க் கடைகள் இருக்கிற லா சப்பலில் மெத்ரோ 2 ஏறுங்கோ, போர்த் தோஃபின் திசை. வில்லியே நிறுத்தம் ஏழாவது, மொன்சோ எட்டாவது. மாற வேண்டியதில்லை. மொன்சோவில இறங்கினா பூங்காவுக்குள்ளால நடக்கலாம்.

தச்சுக்கூடம், பிப்ரவரி 5

நன்றி. முதல் தடவை போகிறவர்கள் மொன்சோவில் இறங்குவதே மேல். பூங்கா வேலி வழியே வீட்டின் தோட்டப் பக்கத்தை முதலில் பார்த்துவிடலாம். வீட்டுக்குள்ளிருந்து தோட்டத்தைச் சன்னல் வழியாகத்தான் பார்க்க முடியும். தோட்டம் அஷில் துஷேன் வடிவமைத்தது.

சமையலறையில் தொடங்கச் சொன்னேன் அல்லவா? யோசித்துப் பார்த்தால் அதைக் கொஞ்சம் மாற்றலாம் என்று தோன்றுகிறது. முதலில் பத்து நிமிடம் சமையலறை, பிறகு மேலே, கடைசியில் மறுபடி சமையலறை. மேலே சாப்பாட்டு அறையையும் பரிமாறும் அறையையும் பார்த்த பிறகுதான் தூக்கி ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று பிடிபடும்.

பயணப்பை, பிப்ரவரி 6

சரி, சமையலறை ஒப்புக்கொண்டேன். மேலே என்ன பார்ப்பது? எல்லாம் தங்கமாக, ஒன்று போலவே தெரிகிறது.

தச்சுக்கூடம், பிப்ரவரி 6, இரவு

ஒன்று போலத் தெரிவதற்குக் காரணம், பெரும்பாலானவை கிட்டத்தட்ட ஐம்பது ஆண்டுக்குள் செய்தவை. மொயீஸ் வேண்டுமென்றே பெரும்பாலும் அந்தக் காலத்துப் பொருள்களையே வாங்கினார். இவருடைய ஒன்றுவிட்ட அண்ணன் ஐசக் த கமோந்தோ நேர் எதிர். அவர் மானே, தெகா என்று தம் காலத்து ஓவியங்களை வாங்கி லூவ்ருக்கு எழுதி வைத்தார். மானேயின் புல்லாங்குழல் சிறுவன் இப்போது ஓர்சே அருங்காட்சியகத்தில் இருப்பது அவர் கொடை.

சுவரிலிருந்து தொடங்குங்கள். பெரிய வரவேற்பறையின் வெள்ளை-தங்க மரப்பலகைச் சுவர் ரூ ருவாயால் 11-ஆம் எண்ணில் இருந்த பழைய மாளிகையிலிருந்து கழற்றி வந்தது. புது வீட்டின் அறையளவையே அந்தப் பலகைகளுக்கு ஏற்ப அமைத்திருக்கிறார்கள். ஊயே என்ற ஓவியர் வரைந்த மேய்ப்பர் காட்சிகளுக்காக ஒரு வளைவு அறையே எழுந்தது. பழைய பலகை வேலையைப் புது அறையில் பொருத்தும்போது தவறு நேர்வது உயரத்தில்தான்: பலகை குட்டையாகவும் கூரை உயரமாகவும் இருந்தால் மேலே கார்னிஸ், கீழே அடிப்பட்டை என்று ஒட்டுப்போட்டு நிரப்ப வேண்டும், கண்ணுக்கு உறுத்தும். இங்கே பொருளை முன்னால் வாங்கிவிட்டு அறையைப் பின்னால் வரைந்ததால் அந்த உறுத்தல் இல்லை.

அடுத்து மரச்சாமான். இரண்டு தொழிலைப் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். நாற்காலி, சோபா எல்லாம் திட மரத்தில் செதுக்குகிற தச்சர் வேலை. ஜார்ஜ் ஜாகோப் அந்த வகை. அலமாரி, எழுதுமேசை எல்லாம் ஓக் கூட்டின் மேல் மெல்லிய நிற மரத்தகடு ஒட்டுகிற வேலை. ரீஸ்னெர், கார்லென் அந்த வகை. 1751 முதல் இந்தத் தொழிலாளர் சங்கம் ஒவ்வொருவரும் தம் பெயர் முத்திரையைப் பதிக்கக் கட்டாயப்படுத்தியது. ஆனால் முத்திரை இருப்பது இருக்கைச் சட்டத்தின் அடியில், அலமாரியின் முதுகில், பளிங்குப் பலகையின் கீழ். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று தேடிப் பயனில்லை. அதைவிடத் தகட்டின் நிறத்தைப் பாருங்கள். இப்போது தேன் நிறமாகத் தெரிகிற பூ வேலை புதிதில் பச்சை, நீலம், சிவப்பு சாயமேற்றியது. இரண்டு நூற்றாண்டு வெளிச்சம் தின்றுவிட்டது. வெளிச்சம் படாத இழுப்பறை உட்பக்கத்தில்தான் பழைய நிறம் தப்பியிருக்கும்.

பித்தளை வேலைப்பாட்டின் தங்கப் பூச்சு பாதரச முறை. தங்கத்தைப் பாதரசத்தில் குழைத்துத் தடவி, சூடுகாட்டிப் பாதரசத்தை ஆவியாக்குவது. மினுங்கும் இடமும் மங்கிய இடமும் அருகருகே இருப்பதை உற்றுப் பாருங்கள். மினுங்குவது அகேட் கல்லால் தேய்த்த பகுதி. அந்த ஆவி தொழிலாளியின் உடம்பைக் கெடுத்தது. அந்த அழகுக்கு அவர்கள் கொடுத்த விலை அது.

தச்சுக்கூடம், பிப்ரவரி 7

இருட்டாக இருக்கிறது என்ற குறை அடிக்கடி வரும். பட்டு, கம்பளம், நெய்த திரை உள்ள அறைகளுக்கு 50 லக்ஸ் வெளிச்சம் என்பதே பாதுகாப்பாளர்கள் வைக்கும் வழக்கமான வரம்பு. அதனால்தான் திரைச்சீலைகள் இறங்கியிருக்கும். உள்ளே நுழைந்து கண் பழக சில நிமிடம் நில்லுங்கள். கீழே விரித்த, சவோன்ரி என்ற அரச நெசவுக்கூடத்துக் கம்பளங்களில் ஒன்று 1678-இல் லூவ்ரின் பெரிய கூடத்துக்காக நெய்தது. மொத்தம் 93 கம்பளம் ஆர்டர் செய்தார்கள், இது வாயுவைக் குறிக்கும் கம்பளம். கைபேசி வெளிச்சம் அடித்துப் பார்க்காதீர்கள்.

வெப்பமும் அதே அளவு எதிரி. அறைக்காற்று வறண்டால் ஓக் கூடு சுருங்கும், மேலே ஒட்டிய தகடு சுருங்காமல் எழும்பி உடையும். இந்த வீட்டில் 1912 வாக்கிலேயே வடிகட்டிய சூடான காற்றை அறைகளுக்கு அனுப்பும் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். தூசியும் கரியும் பட்டின் மேல் படியாமல் இருக்க அது எவ்வளவு முன்யோசனை! மின்சாரம், மின்தூக்கி, வெந்நீர் எல்லாம் அப்போதே உண்டு. மேல்தளத்துக் குளியலறைகளைத் தவறவிடாதீர்கள், அவை சமையலறையின் உடன்பிறப்பு.

ஓட்டுவீடு, பிப்ரவரி 8

சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

தச்சுக்கூடம், பிப்ரவரி 8

பீங்கான் அறைக்குக் கூட்டிப் போங்கள். சாப்பாட்டு அறையை ஒட்டிய சிறிய அறை. சுற்றிலும் அலமாரியில் செவ்ர் ஆலைப் பீங்கான், ஒவ்வொன்றிலும் ஒரு பறவை. 1780-களில் செய்தவை. புஃபோனின் இயற்கை வரலாற்று நூலுக்கு மர்த்தினே வரைந்த வண்ணப் படங்களைப் பார்த்துத் தீட்டினார்கள், எனவே புஃபோன் தட்டுகள் என்று பெயர். பறவையின் பெயர் தட்டின் பின்பக்கத்தில் எழுதியிருக்கும். எந்தப் பறவை எத்தனை தட்டில் வருகிறது என்று தேடச் சொன்னால் பிள்ளைகள் அரை மணி நேரம் நகர மாட்டார்கள். மொயீஸ் விருந்தினர் இல்லாதபோது தனியாக உட்கார்ந்து சாப்பிட்டது இந்த அறையில்தான், சன்னல் வழியே தோட்டத்தைப் பார்த்தபடி.

பெரிய சாப்பாட்டு அறையில் இருக்கிற வெள்ளிப் பாத்திரங்களில் சில, ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரின் 1770-இல் பாரிஸ் வெள்ளி வினைஞர் ரொத்தியேரிடம் செய்யச் சொல்லி, தம் அன்புக்குரிய ஓர்லோவுக்குப் பரிசளித்த தொகுதியைச் சேர்ந்தவை.

பயணப்பை, பிப்ரவரி 9

என் முதல் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. யூத வீடு என்பது எங்கே தெரிகிறது?

தச்சுக்கூடம், பிப்ரவரி 9, இரவு

வாசலில் தெரிகிறது.

மொயீஸின் மனைவி இரேன் காஹென் தான்வெர். ஓவியர் ரெனுவார் 1880-இல் வரைந்த சிறுமி அவர்தான். 1891-இல் திருமணம். இரண்டு பிள்ளைகள்: நிசிம், பெயாத்ரிஸ். சில ஆண்டுகளில் இரேன் பிரிந்து போனார், 1902-இல் விவாகரத்து. பிள்ளைகள் தகப்பனோடு இருந்தார்கள். நிசிம் விமானப்படையில் சேர்ந்து 1917 செப்டம்பர் 5 அன்று வான்சண்டையில் இறந்தார். வங்கியை நடத்த வாரிசு இல்லை என்று மொயீஸ் அதை மூடினார். சேகரிப்பையும் வீட்டையும் மகன் பெயரால் அருங்காட்சியகமாக்க 1924-இல் உயில் எழுதினார். ஒரு பொருளையும் வெளியே இரவல் கொடுக்கக் கூடாது, சேர்க்கக் கூடாது, அறையமைப்பை மாற்றக் கூடாது. 1935-இல் இறந்தார். 1936 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். பெற்றுக்கொண்டது அலங்காரக் கலைகளுக்கான அமைப்பு, இன்றும் அவர்களே நடத்துகிறார்கள்.

ஒரு குடும்பம் தன் மகனை ஒரு நாட்டுக்காக இழந்தது. வீட்டையும் அந்த நாட்டுக்கே கொடுத்தது. பெயாத்ரிஸ் இதே நகரத்தில் குதிரையேற்றம், பிள்ளைகள் என்று வாழ்ந்தார். தன் குடும்பம் செய்த கொடையும் தம்மைச் சுற்றியிருந்த நட்பும் காப்பாற்றும் என்று நம்ப அவருக்குக் காரணம் இருந்தது. கத்தோலிக்க மதத்துக்கும் மாறியிருந்தார். கணவர் லெயோன் ரைனாக், மகள் ஃபானி, மகன் பெர்த்ராங் மூவரையும் 1943 நவம்பரில் பாரிஸுக்கு அருகிலிருந்த திரான்சி தடுப்பு முகாமிலிருந்து நாஜிகளின் ஆஷ்விட்ச் கொலை முகாமுக்கு அனுப்பினார்கள். பெயாத்ரிஸை 1944 மார்ச்சில். நால்வரில் ஒருவரும் திரும்பவில்லை. மொயீஸின் வழி அத்தோடு முடிந்தது.

நுழைவாயிலில் இதைச் சொல்லும் கல் பலகை இருக்கிறது. நின்று படியுங்கள், பாதி பேர் படிப்பதில்லை. பிரார்த்தனை நூலோ மெழுகுவர்த்தித் தாங்கியோ இருந்தால்தான் யூத வீடு என்று நினைக்க வேண்டியதில்லை. பிரெஞ்சுக்காரராகவே ஆகிவிட எவ்வளவு முயன்றார்கள் என்பதற்கு ஒவ்வொரு நாற்காலியும் சாட்சி. அந்த முயற்சியை ஏற்காதவர்கள் யார் என்பதற்கு அந்தப் பலகை சாட்சி. சடங்குப் பொருள்கள் பார்க்க வேண்டும் என்றால் மரே பகுதியில் யூதக் கலை, வரலாற்று அருங்காட்சியகம் உண்டு, ரூ து தம்ப்ள் 71. அதற்கு வேறு நாள் ஒதுக்குங்கள்.

ஓட்டுவீடு, பிப்ரவரி 10

அந்த ரெனுவார் ஓவியம் இங்கே இருக்கிறதா?

தச்சுக்கூடம், பிப்ரவரி 10

இல்லை, சுவிட்சர்லாந்தில் சூரிக் நகரில் இருக்கிறது. பெயாத்ரிஸிடமிருந்து நாஜிகள் பறித்தது. போருக்குப் பின் மீட்கப்பட்டு இரேனிடம் வந்து, அவர் 1949-இல் பியூர்லே என்ற ஆயுத உற்பத்தியாளருக்கு விற்றார். மகளும் பேரப்பிள்ளைகளும் போன பின்பும் இரேன் 1963 வரை இருந்தார்.

லாசப்பல் வாசி, பிப்ரவரி 12

கொச்சியில இப்படி ஒரு வீடு இல்லையோ?

தச்சுக்கூடம், பிப்ரவரி 12

கோடர் என்ற யூத வணிகக் குடும்பத்தின் பெரிய சிவப்பு வீடு ஃபோர்ட் கொச்சியில் இருக்கிறது, ஆனால் அது தங்கும் விடுதியானது. மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய பரதேசி என்ற யூத ஜெபாலயம் இருக்கிறது, சனிக்கிழமை மூடல். ஜெபாலயம் நின்றது, வீடுகள் கடைகளாயின. ஒரு வணிகர் வீட்டை அடுப்போடு சேர்த்துப் பூட்டி வைத்து எழுதிக்கொடுக்க அங்கே யாருக்கும் வாய்க்கவில்லை. அதனால்தான் கமோந்தோ வீட்டைப் பார்க்கச் சொல்கிறேன்.

தச்சுக்கூடம், பிப்ரவரி 13

பயணப்பைக்கு, கடைசியாக நடைமுறை விஷயங்கள். முதுகுப்பையைச் சாமான் வைக்கும் இடத்தில் கொடுங்கள். குறுகலான வழியில் திரும்பும்போது பை இடிக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளட்டும், தளங்களுக்கிடையே படிகள் அதிகம். பாதி நேரத்துக்கு மேல் மிச்சமிருந்தால் அதே மொன்சோ பூங்காவை ஒட்டி செர்னுஷி அருங்காட்சியகம். ஆசியக் கலை, நிரந்தரக் கூடங்களுக்குக் கட்டணம் இல்லை, தமிழகத்திலிருந்து போகிறவர்களுக்கு அங்குள்ள சீன வெண்கலங்கள் நம் வெண்கலங்களோடு ஒப்பிட நன்றாக இருக்கும். கமோந்தோவை முதலில் முடியுங்கள்.